போர் வந்ததும் வராததும்

டிப்ளமோ படிக்கும் நமக்கு அரசியல் ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பீர்கள். நம்ம லேபில் உடைந்த கம்பியை மட்டும் பார்த்தால் அது உடைந்த காரணம் தெரியுமா? உடையாத கம்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும். பல்கலைக்கழகப் பாதுகாப்பு, அரசியல் ஆய்விலும் இதுவே முக்கியப் பாடம்.

1914-ல் முதல் உலகப் போர் ஏன் வந்தது? 'கூட்டணி சேர்ந்தார்கள், ஆயுதம் குவித்தார்கள்' என்று எழுதி மார்க் வாங்கிவிடுகிறோம். 1911-ஐப் பாருங்கள். மொராக்கோவின் அகாதிர் துறைமுகத்துக்கு ஜெர்மனி பீரங்கிக் கப்பல் அனுப்பியது. பிரான்ஸ் கொதித்தது, பிரிட்டன் பிரான்ஸ் பக்கம் நின்றது. அதே அணிகள், அதே ஆயுதப் போட்டி. ஆனாலும் போர் வரல! மொராக்கோவில் பிரான்ஸுக்கு ஆதிக்கம், காங்கோவில் ஜெர்மனிக்குக் கொஞ்சம் நிலம் என்று நவம்பரில் பேசி முடித்தார்கள்.

ஆகவே கூட்டணியும் ஆயுதமும் மட்டும் காரணமாக முடியாது. இடையில் மாறியது என்ன என்று தேடணும். இந்த வேறுபாட்டு முறையை ஜான் ஸ்டூவர்ட் மில் 1843-லேயே விளக்கினார். சமுதாயத்தில் லேப் மாதிரி மற்றதெல்லாம் ஒரே நிலையில் இருக்காது என்று எச்சரித்தவரும் அவரே. அதனால்தான் ஆய்வாளர்கள் பல நிகழ்ச்சிகளை ஒப்பிடுகிறார்கள். எல்லாத் தரப்பு ஆவணங்களையும் புரட்டுகிறார்கள்.

பதினெட்டு வயதில் நம் கையில் ஓட்டு இருக்கிறது. 'சண்டை ஒன்றே வழி' என்று மேடையில் யாராவது முழங்கினால் கைதட்டுமுன் கேட்போம்: இதே நிலையில் சண்டை வராமல் போனது எங்கே, எப்படி?