தண்ணீரைப் படித்தால் மீன் கிடைக்கும்



நம்ம ஊர்க் கம்மாயில் தூண்டில் போடாத பையன்கள் குறைவு. ஒரு கம்பு, தங்கூசி நரம்பு, தக்கை, முள், மண்புழு. இவ்வளவுதான் சாமான். கரையில் உட்கார்ந்து தக்கை அமுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்போம். மீன் நம்மைத் தேடி வர வேண்டும். ஆனால் கடல் மாதிரி பெரிய ஏரிகளில் இது நடக்காது. அங்கே தூண்டிலை மீன் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அது எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன். அதில் நம் கம்மாய்க்கும் ஒரு பாடம் இருக்கிறது.

ஓடும் படகில் தூண்டில்

அமெரிக்காவில் மிச்சிகன் ஏரி என்று ஒரு நன்னீர் ஏரி. பரப்பு சுமார் 58,000 சதுர கிலோமீட்டர். அதாவது நம் தமிழ்நாட்டில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல்! மிக ஆழமான இடத்தில் 281 மீட்டர். அங்கே சால்மன், டிரவுட் என்ற மீன்களைப் பிடிக்கிறார்கள்.

படகை நாம் நடக்கிற வேகத்தில், மணிக்கு 3 முதல் 5 கிலோமீட்டர் வரை, மெதுவாக ஓட்டுவார்கள். பின்னால் தூண்டில் நரம்பு நீளமாகப் போகும். அதன் நுனியில் புழு கிடையாது. கரண்டி வடிவில் பளபளப்பான தகடு இருக்கும். படகு இழுக்க இழுக்க அந்தத் தகடு தடுமாறி நெளியும். அடிபட்ட குஞ்சு மீன் என்று நினைத்துப் பெரிய மீன் பாய்ந்து கவ்வும். இந்த முறைக்கு டிரோலிங் என்று பெயர்.

தகடு லேசானது, தானாக ஆழம் போகாது. எனவே நாலைந்து கிலோ எடையுள்ள குண்டைக் கம்பி வடத்தில் கட்டி இறக்குவார்கள். தூண்டில் நரம்பை அந்த வடத்தில் ஒரு கவ்வியால் மாட்டிவிடுவார்கள். மீன் இழுத்தவுடன் கவ்வி விட்டுவிடும். பிறகு மீனுக்கும் மனிதருக்கும் நடுவே குண்டின் பாரம் இருக்காது.

எத்தனை ஆழம் இறக்குவது?

கிணற்றில் குதித்தவர்களுக்கு இது தெரியும். மேலே தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். கால் கீழே போகப் போகச் சில்லென்று படும். வெயிலில் சூடான தண்ணீர் லேசாகி மேலே நிற்கிறது. குளிர்ந்த தண்ணீர் கனமாகி அடியில் தங்குகிறது. (தண்ணீர் மிகக் கனமாக இருப்பது 4 டிகிரி செல்சியஸில்.) பெரிய ஏரியில் கோடைக்காலத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு படலம் உண்டாகிறது. அங்கே சில மீட்டருக்குள் வெப்பம் சரசரவென்று குறையும்.

சால்மனும் டிரவுட்டும் குளிர்ந்த நீர் மீன்கள். கோடையில் அந்தப் படலத்தை ஒட்டித்தான் பெரும்பாலும் திரியும். அதனால் கெட்டிக்கார மீன்பிடிப்பவர் முதலில் இறக்குவது தூண்டிலை அல்ல, வெப்பமானியை! எந்த ஆழத்தில் குளிர் தொடங்குகிறதோ, அந்த ஆழத்துக்குக் குண்டை இறக்குவார்.

குளிர்ந்த நீரை அவை தேடுவதற்கு இன்னொரு காரணம் ஆக்சிஜன். ஒரு லிட்டர் தண்ணீர் 10 டிகிரியில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் சுமார் ஏழரை மில்லிகிராம்தான். சூடு ஏற ஏற மீனுக்கு மூச்சு முட்டும்.

தமிழ்நாட்டில் டிரவுட்

இந்த மீன் நம் மாநிலத்திலும் இருக்கிறது. நீலகிரி ஓடைகளில் டிரவுட்டை வளர்க்க 1860களிலேயே ஆங்கிலேயர்கள் முயன்றார்கள், பலிக்கவில்லை. பிறகு ஹெச்.சி. வில்சன் என்பவரின் முயற்சியால் 1907இல் ஊட்டிக்குப் பக்கம் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்தது. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியைச் சேர்ந்த வானவில் டிரவுட் அங்கே நிலைத்தது. காரணம், 2,000 மீட்டருக்கும் மேலான உயரமும் சில்லென்ற தண்ணீரும். அதே மீனை நம் வெம்பக்கோட்டை அணையில் விட்டால் ஒரு சித்திரை வெயில்கூடத் தாங்காது. தண்ணீர் 25 டிகிரியைத் தொட்டாலே அதன் உயிருக்கு ஆபத்து.

நம் கம்மாய் மீன்கள்

நம் மீன்களுக்கும் தனித்தனி இடம் உண்டு. மீன்குஞ்சு வாங்கி விடுகிற கம்மாய்களில் கட்லா மேல்மட்டத்தில் மேயும். ரோகு நடுவில், மிர்கால் அடியில். எனவே தக்கையை ஏற்றி இறக்கிக் கட்டுவதுகூட ஒரு கணக்குத்தான். விரால் வெளிக்காற்றையும் சுவாசிக்கும். அதனால்தான் சேறும் சகதியுமான தண்ணீரிலும் பிழைத்துக் கிடக்கிறது.

கோடையில் விடியற்காலம் கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், 'இன்றைக்கு நல்ல வேட்டை' என்று சந்தோஷப்படாதீர்கள். இரவில் பாசியும் செடிகளும் ஆக்சிஜனை வெளிவிடாது. அவையும் சுவாசித்து அதைச் செலவழிக்கும். விடியும்போது தண்ணீரில் ஆக்சிஜன் மிகவும் குறைந்திருக்கும். மீன் மூச்சுக்குத் தவிக்கிறது என்று அர்த்தம். கம்மாயைக் குத்தகைக்கு எடுத்தவரிடமோ ஊர்ப் பெரியவர்களிடமோ உடனே சொல்லுங்கள். புதுத் தண்ணீர் விட்டால் பிழைக்கும்.

வெடி வேண்டாம், தோழர்களே!

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பட்டாசு நம் பகுதிக்குச் சோறு போடுகிற தொழில். மருந்து என்ன செய்யும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியிருந்தும் கிணற்றிலும் கம்மாயிலும் வெடியைப் போட்டு மீன் பிடிப்பதைச் சிலர் வீரம் என்று நினைக்கிறார்கள்.

மீனின் வயிற்றுக்குள் ஒரு காற்றுப்பை இருக்கிறது. அது இருப்பதால்தான் மீன் மூழ்காமலும் மிதக்காமலும் வேண்டிய ஆழத்தில் நிற்கிறது. தண்ணீரைக் காற்றைப் போல அமுக்க முடியாது. எனவே வெடியின் அதிர்ச்சி குறையாமல் வெகுதூரம் பாயும். மீனின் காற்றுப்பையைக் கிழிக்கும். பெரிய மீன், குஞ்சு, சினை மீன் என்று அது பார்ப்பதில்லை. செத்ததில் பல அடியில் போய் அழுகும். நம் கைக்கு வருவது கொஞ்சம், அழிவது அதிகம். அடுத்த வருஷத்து மீனும் இன்றைக்கே போய்விடும். திரி நினைத்ததைவிட வேகமாக எரிந்தால் போவது மீன் அல்ல, போட்டவனின் கை.

1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே மீன் பிடிக்க வெடியும் விஷமும் போடுவது குற்றம் என்கிறது. 100 வருஷத்துக்கு மேலாகிவிட்டது. நாம் இன்னும் படிக்கவில்லை!

மிச்சிகன் ஏரியில் ஒரு மீனுக்காக வெப்பமானியை இறக்கி, ஆழம் பார்த்து, மணிக்கணக்காகப் படகு ஓட்டுகிறார்கள். மீன் எங்கே, ஏன் நிற்கிறது என்று தெரிந்தவனுக்குத் தூண்டில் போதும். தெரியாதவன்தான் வெடியைத் தேடுவான்.

செய்து பாருங்கள்

ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி அளவு வெந்நீர் (கை பொறுக்கும் சூடு) எடுங்கள். ஐஸ் தண்ணீரில் இரண்டு சொட்டு நீல மை கலந்து, டம்ளரின் ஓரமாக மெதுவாக ஊற்றுங்கள். நீலத் தண்ணீர் எங்கே போய்த் தங்குகிறது? டிரவுட் எங்கே இருக்கும் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.



— 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்