கணவரின் கைத்தொலைபேசியும் மனைவியின் கண்ணீரும்

குடும்பங்களுக்கான பாடம்
வாசித்துத் தியானிக்க: தோபித்து 8:4-8, மத்தேயு 5:27-30, மத்தேயு 18:15-17



திம்புள்ளப் பகுதியில், தேயிலைத் தோட்ட லயமொன்றில் வாழும் ஒரு குடும்பத்தை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். இது குறிப்பிட்ட ஒருவருடைய கதை அன்று. பல இல்லங்களில் நடப்பதை ஒன்றுசேர்த்துச் சொல்லும் உவமை. கணவனும் மனைவியும் ஞாயிறு பூசைக்குத் தவறாதவர்கள். கணவர் குடிப்பதில்லை. சம்பளப் பணத்தை அப்படியே வீட்டில் கொடுப்பவர். "தங்கமான மனுசன்" என்று லயமே சொல்லும்.

ஒருநாள் நள்ளிரவு பிள்ளை இருமும் சத்தம் கேட்டு மனைவி விழிக்கிறாள். கணவர் போர்த்தியிருந்த கம்பளிக்குள் ஒரு சிறு வெளிச்சம். எட்டிப் பார்த்தவள் கண்டது ஆபாசக் காட்சி. அவர் சட்டென்று தொலைபேசியை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவளுக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. விடிந்ததும் பிரட்டுக்குப் போனாள், கொழுந்து பறித்தாள், கைகள் வேலை செய்தன, மனம் மட்டும் அந்தக் கம்பளிக்குள்ளேயே நின்றது. "நான் அழகில்லையா? என்னிடம் என்ன குறை?" என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். மாலையில் வீட்டுக்கு வந்தபோது, அதே தொலைபேசியில் மூத்த பிள்ளை பாடம் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவளுக்கு நெஞ்சு பதறியது.

இந்தச் சகோதரி என்ன செய்யவேண்டும்? அதுவே இன்றைய பாடம்.

பகை எவ்வழியாக வந்தது?

ஒரு காலத்தில் நீலப்படம் பார்க்க நினைப்பவன் பட்டணத்துக்குப் போகவேண்டும், காசு கொடுக்கவேண்டும், தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று பயப்படவேண்டும். அந்த வெட்கமே பலருக்கு வேலியாக இருந்தது. இன்று அந்த வேலி இல்லை. 2020 மார்ச் மாதம் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, தோட்டப்புறத்துப் பெற்றோர் பலர் கடன்பட்டும் தவணைக்கும் கைத்தொலைபேசி வாங்கினார்கள். சிக்னல் தேடி மேட்டிலும் பாறையிலும் ஏறி நின்று படித்த பிள்ளைகளை நாம் மறக்கவில்லை. பாடப்புத்தகமாக வீட்டுக்குள் வந்த அதே கருவி, நள்ளிரவில் வேறொன்றாகவும் மாறக்கூடியது என்பதை நமக்கு எவரும் சொல்லித்தரவில்லை.

இக்காட்சிகள் மனிதனைப் பிடிக்கும் விதத்தையும் அறிந்துகொள்வது நல்லது. புதியது ஒன்றைக் கண்டால் மூளை சிறு இன்பத்தைத் தருகிறது. இணையத்தில் புதியதற்கு முடிவே இல்லை. ஒன்றைப் பார்த்தவுடன் அதுபோன்ற பத்தை அதுவாகவே முன்னே கொண்டுவந்து நிறுத்துகிறது. களைப்பு, தனிமை, கடன்தொல்லை, கணவன் மனைவிப் பிணக்கு ஆகியவை வரும்போதெல்லாம் மனம் அந்தப் பக்கமே ஓடப் பழகிவிடுகிறது. கொழும்பில் கடையிலோ கட்டட வேலையிலோ இருந்து, பெருநாளுக்கு மட்டும் வீடு வரும் கணவர்மாருக்கு இச்சோதனை இன்னும் கடுமையானது. பெண்களும் இதில் விழாமலில்லை. இங்கே மனைவிக்குச் சொல்லப்படுவதைக் கணவரும் தமக்கு எடுத்துக்கொள்ளலாம்.

திருச்சபையின் போதனை

1992இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2354ஆம் எண்ணில் ஆபாசப் படைப்புகளைப் பற்றிப் பேசுகிறது. இல்லற அன்பின் அந்தரங்கத்தைப் பிறர் பார்க்கும் பொருளாக்குவதால் அது கற்புக்கு விரோதமானது. நடிப்பவர், விற்பவர், பார்ப்பவர் ஆகிய எல்லோருடைய மாண்பையும் கெடுப்பது. ஆகவே கனமான தீமை என்று அது போதிக்கிறது. அந்தத் திரையில் தெரியும் பெண்ணும் ஒரு தாய் பெற்ற மகள். வறுமையினாலோ வஞ்சகத்தினாலோ வற்புறுத்தலினாலோ அங்கே கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களுள் உண்டு.

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1979 முதல் 1984 வரை புதன்கிழமை மறையுரைகளில் மனித உடலின் மாண்பைப் பற்றித் தொடர்ந்து போதித்தார். ஆணொருவன் தன் சொந்த மனைவியையேகூட வெறும் இச்சைப் பொருளாக நோக்கினால் இதயத்தில் குற்றம் செய்தவனாவான் என்று 1980 ஒக்டோபரில் அவர் விளக்கியபோது பலர் வியந்தார்கள். ஆபாசம் கற்றுக்கொடுப்பது துல்லியமாக இந்த நோக்கைத்தான். மனைவியின் மனவேதனைக்கும் இதுவே காரணம். அவள் மிகைப்படுத்தவில்லை. தனக்கே உரியதென்று பீடத்தின்முன் வாக்களிக்கப்பட்ட ஒன்று பறிபோனதை அவள் உணருகிறாள்.

அதே வேளையில், பழக்கத்தின் வலிமை மனிதனுடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்பதையும் அதே நூல் 1735ஆம் எண்ணில் ஏற்றுக்கொள்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஒக்டோபரில் உரோமையில் குருக்களிடமும் குருமாணவரிடமும் பேசுகையில், பொதுநிலை ஆண்களும் பெண்களும் மட்டுமல்ல, குருக்களும் கன்னியரும்கூட இத்தீய பழக்கத்தில் விழுவதுண்டு என்று வெளிப்படையாகச் சொன்னார். தொலைபேசியிலிருந்து அதை அழித்துவிடும்படியும் அறிவுரை கூறினார். ஆகவே, விழுந்த கணவர் அரக்கன் அல்லர். தீமையைத் தீமை என்று சொல்லவேண்டும், மனிதனைக் கைவிடக்கூடாது.

மனைவி முதலில் அறியவேண்டியவை

முதலாவது, இது உன் குறையால் வந்ததன்று. பலருக்கு இப்பழக்கம் திருமணத்துக்கு முன்பே, பள்ளிப் பருவத்திலேயே தொடங்கியிருக்கும். நீ இன்னும் நன்றாக உடுத்தியிருந்தால், இன்னும் மெலிந்திருந்தால் இது நடந்திராது என்று நினைப்பது வீண் வேதனை.

இரண்டாவது, நீ அவருடைய காவற்காரி அல்லள். இரவெல்லாம் விழித்திருந்து தொலைபேசியைச் சோதிப்பதால் அவர் திருந்துவதில்லை. ஒளிப்பதில் இன்னும் கெட்டிக்காரராவார். உன் உறக்கமும் உடல்நலமுமே கெடும்.

மூன்றாவது, "ஆம்பிளைன்னா அப்பிடித்தான்" என்று மூத்தவர்கள் சொல்லும் ஆறுதலை ஏற்றுக்கொண்டு மௌனமாகிவிடாதே. முன்பு சாராயத்தைப் பற்றியும் இப்படித்தான் சொன்னார்கள். அந்த மௌனம் எத்தனை லயங்களை அழித்தது என்று நமக்குத் தெரியும்.

ஆண்டவர் காட்டிய மூன்று படிகள்

சகோதரன் தவறு செய்தால் என்ன செய்யவேண்டும் என்று நம் ஆண்டவர் மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் முறையாகக் கற்பிக்கிறார். முதலில் தனிமையில் பேசவேண்டும். பின்பு ஓரிருவரை அழைத்துச் செல்லவேண்டும். அதன்பின் திருச்சபையிடம் கொண்டுபோகவேண்டும். இல்லறத்துக்கும் இதுவே நல்ல வழி.

முதற்படி: தனிமையில். லயத்தில் தனிமை எங்கே என்று கேட்பீர்கள். அடுத்த காம்பராவில் பெருமூச்சு விட்டாலும் இங்கே கேட்கும். எனவே வீட்டுக்குள் பேசவேண்டாம். பூசை முடிந்து திரும்பி நடக்கும் வழியில், பிள்ளைகளை முன்னே போகவிட்டுப் பேசலாம். விறகுக்குப் போகும்போது பேசலாம். கோபம் தணிந்தபின், அவர் களைத்திராத வேளையில் பேசவேண்டும். இப்படித் தொடங்கலாம்:

"என்னாங்க, ஒங்ககிட்ட ஒரு விசயம் பேசணும். அன்னைக்கி ராத்திரி போன்ல நீங்க பாத்தத நானும் பாத்துட்டேன். சண்ட புடிக்க வரல. ஆனா எம் மனசு ஒடஞ்சி போச்சி. புள்ளைங்களும் அதே போனத்தான் எடுக்குதுங்க. இதுக்கு ஒரு முடிவு எடுக்காம என்னால இருக்க முடியாது."

இதில் வசை இல்லை. அழுகையால் மிரட்டலும் இல்லை. கண்டதும், பட்ட வேதனையும், வேண்டுவதும் மட்டுமே இருக்கின்றன. நாத்தான் இறைவாக்கினர் தாவீது அரசனைத் திருத்தியதும் அரண்மனை வாசலில் நின்று கூச்சலிட்டு அன்று.

இரண்டாம் படி: ஓரிருவரோடு. அவர் மறுத்தாலோ, வாக்குக்கொடுத்துவிட்டு மீண்டும் மீண்டும் தவறினாலோ, நம்பிக்கைக்குரிய ஒருவரை நாடலாம். ஞானப்பெற்றோராக நின்றவர்கள், திருமணத்துக்குச் சாட்சியாக நின்ற தம்பதிகள், வாய் இறுக்கமான மூத்த அண்ணன் அண்ணி எனத் தேர்ந்துகொள்ளுங்கள். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவது நல்லது. பீலிக்கரையில் மட்டும் வேண்டாம். அங்கே கொட்டிய சொல்லைத் திரும்ப அள்ள முடியாது. கணவருடைய மானம் போனபின் அவர் திருந்தி வருவதற்கும் வழி அடைபட்டுவிடும்.

மூன்றாம் படி: திருச்சபையிடமும் வைத்தியரிடமும். பங்குத் தந்தையையோ கன்னியரையோ அணுகத் தயங்கவேண்டாம். அவர்களுக்கு இது புதுச் செய்தி அன்று. இதோடு வைத்திய உதவியும் தேவைப்படலாம். உலக சுகாதார அமைப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்திய நோய்ப் பட்டியலில், கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தை ஓர் உளநலக் கோளாறாக இடம்பெற்றுள்ளது. படம் பார்த்த எல்லோரும் நோயாளிகள் என்று இதற்குப் பொருளில்லை. ஆறு மாதம் அல்லது அதற்கு மேலாக, தொழிலும் குடும்பமும் கெடுமளவுக்கு, நிறுத்த முயன்றும் நிறுத்த முடியாமல் போனால் வைத்தியரைக் காணவேண்டும் என்பதே இதன் கருத்து. அரச வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவுகள் உண்டு. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைத்துப் பேசலாம்.

கணவருக்கு ஒரு வார்த்தை

சகோதரரே, அகப்பட்டுவிட்டோமே என்ற வெட்கத்தில் மனைவிமீது சீறவேண்டாம். "உன்னால்தான்" என்று பழியை அவள்மேல் போடவேண்டாம். கேட்டதற்கு உண்மையைச் சொல்லுங்கள். பாதி உண்மை சொல்லி, மீதி பின்னர் வெளிப்படுமானால், முதற்காயத்தைவிட இரண்டாவது ஆழமாகும்.

வலக்கண் இடறலானால் அதை எறிந்துவிடும்படி ஆண்டவர் கடுமையாகச் சொன்னது, சோதனையின் வழியை அடைப்பதற்காகவே. இரவு செபமாலை முடிந்ததும் தொலைபேசியைச் சுரூபத் தட்டின் கீழே வையுங்கள், விடியும்வரை எடுக்கவேண்டாம். காலையில் எழும்ப மணி வேண்டுமானால் ஒரு சிறு மணிக்கூடு போதும். கூகுள் தேடலில் சேஃப் சர்ச் என்னும் வடிகட்டியைப் போடுங்கள். அது தேடலை மட்டுமே காக்கும், எல்லாத் தளங்களையும் தடுக்காது என்பதையும் அறிந்திருங்கள். பிள்ளைகள் கையில் கொடுக்குமுன் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். வெளியூரில் வேலை செய்பவரானால், படுக்கைக்குப் போகுமுன் தினமும் மனைவியோடு பேசுங்கள். எந்த வேளையில் விழுகிறீர்கள் என்று கவனியுங்கள். அந்த வேளைக்கு வேறொரு வேலையை முன்னமே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

ஒப்புரவு அருட்சாதனத்தை ஒரே குருவிடம் தொடர்ந்து பெறுவது பெருந்துணை. பாவமன்னிப்பு உடனே கிடைக்கிறது. பழக்கம் உடனே போவதில்லை. மீண்டும் விழுந்தால் "இனி என்ன" என்று கிடந்துவிடாமல், அன்றே எழும்புங்கள்.

பொறுத்துக்கொள்ளக் கூடாதவை

பொறுமை ஒரு புண்ணியம். ஆனால், சில காரியங்களைப் பொறுப்பது புண்ணியம் ஆகாது. திரையில் கண்டதைச் செய்யும்படி மனைவியை வற்புறுத்துவது, அடிப்பது, அவளைப் படமெடுப்பது, பிள்ளைகள் காண விடுவது ஆகியவை எல்லை கடந்தவை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். மனதைக் கொடுமைப்படுத்துவதையும் அச்சட்டம் கணக்கில் எடுக்கிறது. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பிள்ளைகளுக்கு ஆபத்தென்றால் 1929. இவ்வாறு உதவி கேட்கும் மனைவி திருமண வாக்குறுதியை மீறியவள் அல்லள். அப்படிப்பட்ட நிலையில் மேலே கூறிய படிகளுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

கவ்வாத்து முடிந்த மலை

கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இலையில்லாமல் வெறும் கட்டைகளாக, செத்துப்போனதுபோல் நிற்கும். அறியாதவன் இது இனித் துளிர்க்காது என்பான். கத்தி பிடித்தவனுக்குத் தெரியும், வேர் உயிரோடிருக்கிறது என்று. ஆனாலும் மறுநாளே கூடையோடு யாரும் அங்கே கொழுந்துக்குப் போவதில்லை, மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

மன்னிப்பும் நம்பிக்கையும் இப்படித்தான். மனைவி இன்றே மன்னிக்கலாம். நம்பிக்கை துளிர்ப்பதற்கோ காலம் வேண்டும். அதை அவளிடம் அவசரப்படுத்திக் கேட்கக்கூடாது. ஒவ்வொரு நாளும் மறைக்காமல் நடந்துகாட்டித்தான் கணவர் அதைப் பெறவேண்டும். தோபியாவும் சாராவும் தங்கள் முதலிரவில் உறங்குமுன் ஒன்றாக எழுந்து நின்று செபித்தார்கள். இச்சைக்காக அன்று, உண்மையான அன்போடு இவளை ஏற்கிறேன் என்ற கருத்தில் தோபியா வேண்டினார். பத்து வருடம் வாழ்ந்த தம்பதிகளும் அந்தச் செபத்தைப் புதிதாகத் தொடங்கலாம். இன்றிரவு, தொலைபேசியைத் தட்டில் வைத்தபின், இருவரும் சேர்ந்து நின்று அப்பகுதியை மெதுவாக வாசியுங்கள்.

கலந்துரையாட

1. நம் வீட்டில் இரவு வேளையில் கைத்தொலைபேசி எங்கே இருக்கிறது? அதை மாற்ற நாம் இருவரும் உடன்படுவோமா?
2. துணைவரின் குறையை முதலில் யாரிடம் சொல்லுகிறோம்: அவரிடமா, அயலாரிடமா?
3. வளர்ந்துவரும் மகனிடமும் மகளிடமும் இதைப்பற்றிப் பேச நாம் ஆயத்தமாக இருக்கிறோமா?