எண்ணொத்த இரு செயலிகள்

சென்னை மாநகரின் தென்வாயில் தாம்பரம். கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931-ஆம் ஆண்டில் மின்தொடர் வண்டி ஓடத் தொடங்கியது. அதன் பயனாகத் தாம்பரமும், அதனை அடுத்த சேலையூர், பல்லாவரம் முதலிய ஊர்களும் நாளடைவில் பல்கிப் பெருகின. குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிலகத்தால் பெயர் பெற்ற குரோம்பேட்டையும் இவ்வரிசையில் உள்ளதே. அலுவலகப் பணியாளரும், சிறு கடை நடத்துவோரும், கல்லூரி மாணவரும் மிகுதியாக வாழும் இவ்வூர்களில் கணிப்பொறி இன்று ஆடம்பரப் பொருளன்று. அரிசி ஆலையின் கணக்கும், மாணவரின் பாடமும், மணவிழாப் படமும் அதன் துணையால் நடைபெறுகின்றன.

ஆயினும் அதனை வாங்குதல் எளிய செயலன்று. பல திங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளுடன் ஒரு குடும்பத்தார் தாம்பரத்தில் வண்டி ஏறி, எழும்பூரில் இறங்கி, அண்ணாசாலையை அடுத்த ரிச்சித் தெருவிற்குச் செல்கின்றனர் என்று கொள்வோம். அங்கே வணிகர் முதற்கண் வினவுவது, "எந்தச் செயலி வேண்டும்?" என்பதே. விடை தெரியாதார் வணிகர் சொல்லையே வேதமாகக் கொள்வர்; வேறு வழி அவர்க்கு இல்லை.

செயலி என்பது யாது? கணிப்பொறிக்கு இடப்படும் கட்டளைகளை எல்லாம் வாங்கி, முறைப்படி நிறைவேற்றும் உறுப்பே செயலி. 1971-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தார் வெளியிட்ட 4004 என்னும் சிறு செயலியில் டிரான்சிஸ்டர் எனப்படும் நுண்ணிய மின் பொறிகள் 2,300 இருந்தன. அரை நூற்றாண்டு சென்றபின் வெளிவந்த ஒரு செயலியில், 180 சதுர மில்லிமீட்டர் பரப்பிற்குள் 1,070 கோடிப் பொறிகள் அடங்கியுள்ளன. கிண்டியை அடுத்துள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தாரும் 'சக்தி' என்னும் பெயரால் செயலிகளை வடிவமைத்துள்ளனர். அவற்றுள் ஒன்று 2018-ஆம் ஆண்டில் சண்டிகர் நகரத்து ஆய்வகத்தில் உருவாயிற்று. அஃது நம் நாட்டிற்குப் பெருமை தருவதே. ஆனால் வீட்டு மேசைக் கணிப்பொறிக்கென அமைந்ததன்று. ஆதலின் கடையில் நிற்கும் குடும்பத்தாரின் தெரிவு, இன்டெல், ஏ.எம்.டி. என்னும் இரு அமெரிக்க நிறுவனங்களின் செயலிகளுக்குள் அமைந்துவிடுகிறது.

அந்நிறுவனங்கள் வெளியிட்ட இடைத்தரச் செயலிகள் இரண்டினை ஈண்டு ஒப்பு நோக்குவோம். ஒன்று, 2021-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி. மற்றொன்று, 2022-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வந்த இன்டெல் கோர் ஐ5 12400. இவற்றின் பின் புதியன பல தோன்றியுள்ளன. எனினும் ஒப்பிட்டுப் பார்க்கக் கற்பதற்கு இவற்றினும் பொருத்தமான இணை அரிது. காரணம், பெட்டியின்மேல் பொறித்துள்ள எண்களுள் தலையாயவை இரண்டிற்கும் ஒன்றே. உட்கருக்கள் ஆறு, இழைகள் பன்னிரண்டு, உச்ச விரைவு 4.4 கிகாஹெர்ட்ஸ், மின்னளவு 65 வாட். எண்களை மட்டும் நோக்குவார் இரண்டும் ஒன்றே எனத் துணிவர்.

உட்கரு என்பது செயலிக்குள் தனித்து உழைக்கவல்ல பகுதி. மணவீட்டுச் சமையற்கட்டில் ஆறு சமையற்காரர் இருப்பதாகவும், ஒவ்வொருவர்க்கும் இரண்டு அடுப்புகள் உள்ளனவாகவும் கருதலாம். ஓர் அடுப்பில் உலை கொதிக்கும்வரை ஒருவர் வாளா நில்லாமல், மற்றோர் அடுப்பில் தாளிக்கின்றார். அவ்வாறே ஓர் உட்கரு, நினைவகத்திலிருந்து ஒரு செய்தி வந்து சேரும்வரை காத்திராமல் மற்றொரு பணியைக் கவனிக்கின்றது. இவ்விரு பணியோட்டங்களே இழைகள் எனப்படுவன. அடுப்பு இரண்டாயினமையால் சமையற்காரர் இருவர் ஆகிவிடார். பன்னிரண்டு இழை என்பதனைப் பன்னிரண்டு உட்கரு என மயங்கலாகாது.

இனி, விரைவினை நோக்குவோம். உச்ச விரைவு ஒன்றாயினும் அடிப்படை விரைவு வேறு. ரைசனுக்கு 3.9 கிகாஹெர்ட்ஸ் என்றும், கோர் ஐ5-க்கு 2.5 கிகாஹெர்ட்ஸ் என்றும் குறித்துள்ளனர். இதனைக் கண்டவுடன் ரைசனே விரைவுடையது என முடிவு கட்டுவோர் பலர். அம்முடிவு பொருந்தாது. அடிப்படை விரைவு என்பது குறித்த மின்னளவுக்குள் அமைந்து நெடுநேரம் உழைப்பதற்கு நிறுவனத்தார் தரும் உறுதிமொழியே. தக்க தாய்ப்பலகையில் அமர்ந்து போதிய மின்சாரம் பெறும்போது, கோர் ஐ5 12400 தன் ஆறு உட்கருக்களையும் 4.0 கிகாஹெர்ட்ஸ் அளவில் இயக்கவல்லது. மேலும், இருவர் ஒரே தாளத்திற்கு அடி பெயர்த்து நடப்பினும், நெடிய காலுடையார் முன்னே செல்வர். ஒரு துடிப்பில் நிறைவேற்றும் வேலையின் அளவில் இன்டெல் செயலியின் கால் சற்று நெடிது. படமொழிந்த பிற பணிகளில் அது பத்தில் ஒரு பங்கோ, சற்று மிகுதியாகவோ முந்துகின்றது.

படத்திற்கு வரும்போது நிலைமை தலைகீழாகின்றது. இரு செயலிகளின் உள்ளேயும் திரையில் உருவம் வரையும் பகுதி ஒன்று உண்டு. கோர் ஐ5-இல் இருப்பது யு.எச்.டி. 730, ரைசனில் இருப்பது ஏழு கூறுகளைக் கொண்ட வேகா. எழுத்தும் படமும் காண்பதற்கு இரண்டும் போதும். ஆனால் மைதானமும் வீரரும் ஓடி ஆடும் கணிப்பொறி விளையாட்டுகளில் வேகா பெரிதும் விஞ்சி நிற்கின்றது. தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்கப் பொருளற்ற இளைஞர்க்கு ரைசன் 5 5600ஜி நல்ல துணை.

அத்துணையும் தானே முழுப்பயன் தந்துவிடாது. செயலியின் உள்ளிருக்கும் படப்பகுதிக்குத் தனி நினைவகம் இல்லை. கணிப்பொறியின் பொது நினைவகத்தையே அது பகிர்ந்துகொள்கின்றது. 16 கிகாபைட் நினைவகத்தை ஒரே பட்டையாக வாங்கிப் பொருத்தினால், செய்தி செல்லும் பாதை ஒன்றே. அதனையே எட்டு எட்டாக இரு பட்டைகளாக்கிப் பொருத்தினால் பாதை இரண்டாகும். டி.டி.ஆர்.4 3200 வகையில் ஒரு பாதை நொடிக்கு 25.6 கிகாபைட் வரை கடத்தும். இரு பாதை 51.2 வரை கடத்தும். இச்சிறு வேறுபாட்டை அறியாமல், பின்னாளில் மற்றொரு பட்டை சேர்க்கலாம் எனக் கருதி ஒற்றைப் பட்டையோடு வீடு திரும்புவோர், ரைசனின் சிறப்பைப் பெரிதும் இழந்துவிடுகின்றனர்.

மணவிழாக்களைப் படம்பிடித்துத் தொகுத்துத் தரும் ஒரு படநிலையத்தார் பல்லாவரத்தில் உள்ளனர் எனக் கொண்டால், அவர்க்குரிய விடை வேறு. நிகழ்படத்தைச் சுருக்கவும் விரிக்கவும் கோர் ஐ5-இல் 'குவிக் சிங்க்' என்னும் தனியுறுப்பு உண்டு. தொகுப்பு மென்பொருள்கள் பலவும் அதனை நெடுங்காலமாகப் பயன்கொள்ளக் கற்றவை. ரைசனிலும் இத்தகைய உறுப்பு உளது, ஆனால் ஏ.வி.1 என்னும் புதிய முறையில் சுருக்கிய படத்தை விரிக்கும் ஆற்றல் அவ்வுறுப்பிற்கு இல்லை. அவ்வேலையைப் பொது உட்கருக்களே தாங்கவேண்டும். அவை தாங்கும், மின்சாரம் சற்று மிகுதியாகச் செலவாகும். அவ்வளவே. இரவெல்லாம் படம் தொகுத்து, மறுநாள் மணவீட்டாரிடம் ஒப்படைக்க வேண்டியவர்க்குப் பத்தில் ஒரு பங்கு காலம் மிச்சமாவதும் பெரிதே. பின்னர் வருவாய் பெருகித் தனிக் கிராபிக்ஸ் கார்டு சேர்க்க எண்ணுவோர்க்கும் கோர் ஐ5 ஏற்றது. கார்டிற்கும் செயலிக்கும் இடையிலுள்ள பாதை ரைசன் 5 5600ஜி-யில் மூன்றாம் தலைமுறையைச் சார்ந்தது. கோர் ஐ5 12400-இல் ஐந்தாம் தலைமுறையைச் சார்ந்தது.

கணக்கெழுதுவோர்க்கும், தமிழில் தட்டச்சுச் செய்வோர்க்கும், இணையவழிப் பாடம் கேட்கும் மாணவர்க்கும் எது ஏற்றது? உண்மையை உரைப்பின், எதுவாயினும் சாலும். இப்பணிகளில் ஆறு உட்கருக்களும் பெரும்பொழுது உறங்கியே கிடக்கும். இவர்கள் செயலிக்கெனச் சில ஆயிரம் கூட்டிச் செலவிடுவதினும், சுழலும் வன்தட்டை விடுத்து எஸ்.எஸ்.டி. எனப்படும் சேமிப்பகத்தை வாங்குவதும், நினைவகத்தை 16 கிகாபைட்டாக்குவதும் கண்ணுக்குத் தெரியும் பயனைத் தரும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்டு நிறுவனத்தார் அளித்த பொதுப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிவுற்றது. அதன் பின்வந்த விண்டோஸ் 11 மிகப் பழைய செயலிகளை ஏற்பதில்லை, இவ்விரண்டையும் ஏற்கின்றது. இவ்வகையிலும் மாணவர் இல்லத்திற்கு இரண்டும் சமமே.

மின்செலவு பற்றி வீண் அச்சம் கொள்வாரும் உளர். முழு உழைப்பில் கோர் ஐ5 சிறிது நேரம் 117 வாட் வரை ஏறக்கூடும். ரைசனின் எல்லை ஏறத்தாழ 88 வாட். ஆனால் எழுத்துப் பணியில் இவ்வெல்லைகளை இரண்டும் எட்டிப் பார்ப்பதில்லை. நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் உழைக்கும் கணிப்பொறிகள் இரண்டிடையே 10 வாட் வேறுபாடு உண்டெனினும், அறுபது நாளில் அது 3.6 யூனிட்டே ஆகும்.

வெப்பமே கருதத்தக்கது. மீனம்பாக்கத்தில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும் கோடை நாள்கள் உண்டு. அந்நாளில் ஓட்டு வீட்டு அறையில் கணிப்பொறியின் விசிறி உள்ளிழுக்கும் காற்றே சுடுகாற்றாய் இருக்கும். கோர் ஐ5 12400 தாங்கும் உச்ச எல்லை 100 பாகை செல்சியஸ். ரைசன் 5 5600ஜி-க்கு 95. எல்லையை அணுகுங்கால் செயலி தன் விரைவைத் தானே குறைத்துக்கொண்டு தன்னைக் காத்துக்கொள்ளும். செயலியோடு பெட்டியில் வரும் விசிறி இரண்டிற்கும் போதுமானதே, ஆனால் ஜி.எஸ்.டி. சாலை ஓரத்து வீடுகளில் படியும் புழுதியை அவ்வப்போது துடைக்காவிடில், விலையுயர்ந்த செயலியும் விலைகுறைந்ததைப் போல் தளர்ந்து நடக்கும்.

வாங்குவோர் ஏமாறும் இடம் மற்றொன்று உண்டு. ஈற்றெழுத்து ஒன்று சொல்லின் பொருளையே மாற்றிவிடுதல் தமிழ் கற்போர்க்குப் புதிதன்று. செயலிகளின் பெயரிலும் அவ்வாறே. கோர் ஐ5 12400 என்பதன் இறுதியில் 'எஃப்' என்னும் எழுத்துச் சேருமாயின், அதன் படப்பகுதி செயற்படாது. ரைசனிலோ முறை மாறுகின்றது. 'ஜி' என்னும் எழுத்து நீங்கி வெறும் 5600 என நிற்குமாயின் படப்பகுதி இல்லை. ஓரிடத்தில் எழுத்துச் சேர்வதால் குறை. மற்றோரிடத்தில் எழுத்து நீங்குவதால் குறை. 'எஃப்' செயலி விலை சற்றுக் குறைவாய் இருத்தலின், அதனை மலிவென மகிழ்ந்து வாங்கித் தாம்பரம் வரை சுமந்து வந்து, பொருத்தி, மின்விசையை அழுத்தினால், விசிறி சுழலும்; விளக்கு எரியும்; திரை மட்டும் இருண்டே கிடக்கும். தனிக் கிராபிக்ஸ் கார்டு வாங்கினாலன்றி அவ்விருள் நீங்காது. மிச்சப்படுத்திய தொகையினும் பன்மடங்கு அதற்குச் செலவாகும்.

தாய்ப்பலகையைத் தனியே வாங்குவோர்க்கும் கவனம் வேண்டும். ஒன்றன் தாய்ப்பலகையில் மற்றொன்று அமராது. ரைசன் 5 5600ஜி ஏ.எம்.4 என்னும் பொருத்துவாயிலும், கோர் ஐ5 12400 எல்.ஜி.ஏ.1700 என்னும் பொருத்துவாயிலும் அமைவன. 2022-ஆம் ஆண்டில் ஏ.எம்.5 வாயிலும், 2024-ஆம் ஆண்டில் எல்.ஜி.ஏ.1851 வாயிலும் வந்துவிட்டன. ஆகவே இவ்விரு பலகைகளில் எதனை வாங்கினும், எதிர்காலத்தில் எத்தனை புதுச் செயலிகளையும் ஏற்கும் என்று எண்ணி வாங்குதல் வீண்.

வெள்ளிக்கிழமைதோறும் பல்லாவரத்தில் கூடும் சந்தை, பழம்பொருளுக்குப் பெயர் போனது. அத்தகைய இடங்களில் ஒருவர் பயன்படுத்திய செயலியை வாங்க நேரின், சோதிக்கும் முறையும் இரண்டிற்கும் வேறு. ரைசன் 5 5600ஜி-யின் அடியில் 1,331 மெல்லிய ஊசிகள் நிற்கின்றன. செயலியைத் திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, வரிசை பிறழ்ந்த ஊசி உண்டா என நாற்புறமும் நோக்கவேண்டும். கோர் ஐ5 12400-இன் அடிப்புறம் வழவழப்பானது. ஊசிகள் 1,700-உம் தாய்ப்பலகையின் பொருத்துவாயில் உள்ளன. ஆதலின் செயலியை மட்டும் பார்த்துப் பொருள் கொடுத்தல் ஆகாது. பலகையின் மூடியைத் திறந்து அவ்வாயினையும் பார்த்தபின்பே விலை பேசுதல் வேண்டும்.