காபி மணக்கும் கறுப்பு பீர்

கேள்வி: லண்டனில் இருக்கும் என் மைத்துனர் வீட்டிலேயே காபி மணக்கும் ஸ்டவுட் பீர் காய்ச்சுகிறார். நானும் இங்கே செய்து பார்க்கலாமா?
– வாசகர், விஸ்வநத்தம்

பதில்: ஆசைப்படலாம், காய்ச்சக் கூடாது. பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்கு பீர் காய்ச்ச 1963 முதல் லைசென்ஸ் தேவையில்லை. இங்கோ 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் ஒரு பாட்டில் காய்ச்சினாலும் குற்றம்தான்.

விவரம் தெரிந்துகொள்வதில் தப்பில்லை. ஸ்டவுட்டுக்குக் கறுப்பு நிறம் கொடுப்பது கருக வறுத்த பார்லி. ஹாப்ஸ் பூவை முதலிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் கசப்பு இறங்கும். அடுப்பை அணைக்கும் நேரத்தில் போட்டால் வாசனை நிற்கும். ஸ்டவுட்டைப் புளிக்கவைக்கும் ஏல் ஈஸ்ட்டுக்குத் தோதான சூடு சுமார் 20 டிகிரி செல்சியஸ். உங்கள் சிவகாசிப் பக்கத்துச் சித்திரை வெயிலில் ருசியே கெட்டுவிடும். மிச்சச் சர்க்கரை மூடிய பாட்டிலுக்குள் புளித்தால் பாட்டிலே வெடிக்கும். லண்டன் போகிறபோது மைத்துனர் கையால் குடித்துப் பாருங்கள்.