கடல்நீர்த் தொட்டியில் முருகை வளர்த்தல்

பசுந்தாட் பசளையை உழுது புதைத்த அன்றே நாற்று நடும் கமக்காரர் இலர். அது உக்குவதற்குச் சில நாள் விட்டே நடுவர். கடல்நீர்த் தொட்டிக்கும் இம்முறையே பொருந்தும். நீரை நிரப்பிய மறுநாளே மீனையும் முருகையையும் விடுவோர் அவற்றைப் பெரும்பாலும் இழக்கின்றனர்.

மீனின் கழிவும் மிஞ்சிய உணவும் அழுகுவதால் அமோனியா உண்டாகின்றது. ஒருவகைப் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், பிறிதொருவகை அந்நைத்திரைற்றை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. தோட்ட மண்ணில் யூரியாவுக்கு நேர்வதும் ஏறக்குறைய இதுவே. முதலிரண்டும் மீனுக்கு நஞ்சாகும். இப்பற்றீரியாக்கள் கல்லிலும் மணலிலும் போதியளவு பெருக நான்கு முதல் ஆறு கிழமை செல்லும். அதுவரை தொட்டியில் உயிர் எதனையும் விடாது, சிறிதளவு மீனுணவை மட்டும் இட்டு வருதல் வேண்டும். அமோனியாவும் நைத்திரைற்றும் அற்றுவிட்டன எனச் சோதனைத் திரவங்களாற் கண்ட பின்னரே முதல் மீனை விடலாம். முருகையை அதற்கும் பின்னரே வைத்தல் நன்று.

தொடங்குவோர்க்கு 100 லீற்றர்த் தொட்டி ஏற்றது. இதனிற் சிறியது மலிவாயினும், நீர் குறைவாதலால் விரைவிற் கெடும். லீற்றர் ஒன்றுக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கடலுப்புக் கலவையைக் கரைத்தல் வேண்டும். கறியுப்பு உதவாது, முருகை தன் கூட்டைக் கட்டுதற்கு வேண்டிய கல்சியம் அதிற் போதியளவு இல்லை. வெப்பநிலை 25 முதல் 27 பாகை சதமம் வரை இருத்தல் நலம்.

கோடையில் உவர்நிலத்தில் உப்புப் பூப்பதைக் கமக்காரர் அறிவர். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. தொட்டியில் 10 லீற்றர் வற்றினால் 35 கிராமாக இருந்த உப்பு லீற்றருக்கு 39 கிராம் வரை ஏறிவிடும். ஆதலின் வற்றிய அளவுக்கு நன்னீரையே நாடோறும் விடுதல் வேண்டும். உப்புநீர் விடுதல் பெரும் பிழையாகும்.

அந்நன்னீர் தோட்டக் கிணற்று நீராக இருத்தலாகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் பலவற்றில் பசளையிலிருந்து கசிந்த நைத்திரேற்று மிகுந்துள்ளமை ஆய்வுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. அது தொட்டியிற் பாசியைப் பெருக்கி முருகையை நலியச் செய்யும். ஆர்.ஓ. முறையிற் சுத்திகரித்த நீரே தக்கது.

இதனினும் கொடியது செம்பு. தக்காளிக்கும் உருளைக்கிழங்குக்கும் தெளிக்கும் செப்புப் பங்கசுநாசினியின் மிகச் சிறிய அளவும் முருகை, இறால், நத்தை ஆகியவற்றைக் கொல்ல வல்லது. மருந்து கலக்கிய வாளியைத் தொட்டி வேலைக்கு எடுத்தலாகாது. தெளித்து வந்த கையை நன்கு கழுவாது நீரில் இடுதலும் ஆகாது. பிற பொருட்களில் எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும், வாளி ஒன்றைத் தனியாக வாங்குதல் வேண்டும்.

இலங்கைக் கடலில் முருகையை உடைத்தெடுத்தல் சட்டப்படி குற்றமாகும். 1998ஆம் ஆண்டில் கடல் வெப்பமேறி வெளிறியமையால் ஹிக்கடுவை முதலிய இடங்களின் முருகைகள் பெருமளவில் அழிந்தன. எனவே தொட்டிகளிலேயே துண்டு வைத்துப் பெருக்கிய முருகையை மட்டும் பெறுதல் வேண்டும்.

இரு கிழமைக்கு ஒருமுறை 10 லீற்றர் நீரை எடுத்துவிட்டுப் புதிய உப்புநீரை விடுக. மின்சாரம் தடைப்படின் நீரோட்டம் நின்று ஒட்சிசன் குறையும். மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பி ஒன்றை அருகில் வைத்திருத்தல் வேண்டும்.