கெசட்டில் வரும் சம்பளம்: யார் எழுதுகிறார்கள், யார் கேட்பது?

"டீவியில சம்பளம் கூடிப்போச்சுன்னு சொன்னாங்க, செக்ரோல்ல ஒண்ணையும் காணோமே?" கொழுந்து மடுவத்தில் இந்தக் கேள்வி எழாத தோட்டம் இல்லை. கிளாக்கர் ஐயாவைக் கேட்டால் கெசட் வரவில்லை என்பார். தலைவரைக் கேட்டால் வழக்கு நடக்குது என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். அந்தக் கெசட் எப்படி வருகிறது என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

முதலில் ஒன்று. மேடையில் சொன்னது சட்டம் ஆகாது. 2020 ஜனவரியில், மார்ச் முதலாம் திகதியிலிருந்து நாளுக்கு 1,000 ரூபா என்று அரசாங்கம் அறிவித்தது. மார்ச் வந்தது, ஆயிரம் வரவில்லை. அடுத்த வருசம், 2021 மார்ச்சில் வர்த்தமானியில், அதாவது நாம் கெசட் என்று சொல்லும் அரசாங்கப் பத்திரிகையில் வெளியான பிறகுதான் அது சட்டமானது. அடிப்படை 900, வரவு செலவுக் கொடுப்பனவு 100.

ஒவ்வொரு தொழிலுக்கும் எவ்வளவு கூலி என்று பாராளுமன்றம் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதில்லை. அதற்காகவே 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் தேயிலைத் தொழிலுக்கு ஒரு சம்பளச் சபை உண்டு. முதலாளிமார் பக்கம் எத்தனை பேரோ தொழிலாளர் பக்கமும் அத்தனை பேர். அவர்களோடு அமைச்சர் நியமிப்பவர்கள் அதிகபட்சம் மூன்று பேர். இரண்டு பக்கமும் சரிசமமாக நிற்கும்போது, அந்த மூன்று பேர் சாய்கிற பக்கம்தான் முடிவு. நம் ஆட்கள் சங்கப் பிரதிநிதிகளின் பேரை எல்லாம் ஒப்பிப்பார்கள். இந்த மூன்று பேர் யார் என்று மட்டும் கேட்பதில்லை!

சபைக்கு அதிகாரம் சட்டத்திலிருந்து வருகிறது. தொரை பிரித்துக் கொடுத்த மலையை விட்டு வேறு மலையில் கங்காணி ஆள் நிறுத்த முடியுமா? அதைப்போலத்தான் இதுவும். சட்டம் சொன்ன எல்லைக்குள், சட்டம் சொன்ன முறைப்படிதான் சபை முடிவெடுக்க வேண்டும்.

அந்த முறை என்ன? சபை தான் எடுக்கப்போகும் முடிவை முதலில் அறிவித்தலாக வெளியிட வேண்டும். ஆட்சேபனை இருந்தால் இன்ன திகதிக்குள் எழுத்தில் அனுப்புங்கள் என்று அதில் இருக்கும். வந்ததையெல்லாம் பார்த்த பிறகே இறுதி முடிவு. பிறகு அமைச்சரின் அங்கீகாரம், மறுபடி வர்த்தமானி. நமக்குத் திறந்திருக்கும் கதவு இந்த ஆட்சேபனைக் காலம். அது நீண்ட காலமல்ல. 2024 இல் ஏப்ரல் 30ஆம் திகதி அறிவித்தல் வந்தது, மே நடுப்பகுதி வரைதான் அவகாசம். கம்பனிகளுக்கு வக்கீல் இருக்கிறார், அவர்கள் திகதியைத் தவறவிடுவதில்லை. நமக்கு விசயம் தெரியவரும்போது பெரும்பாலும் கதவு மூடியிருக்கும். ஆகவே அறிவித்தல் வந்த அன்றே தோட்டக் கமிட்டியைக் கூட்டச் சொல்லித் தலைவரை நெருக்க வேண்டும்.

அந்த 2024 அறிவித்தலில் இருந்தது 1,350 ரூபா அடிப்படைச் சம்பளமும் 350 ரூபா ஊக்கத்தொகையும், ஆக 1,700. தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதைச் செயற்படுத்த இடைக்காலத் தடை விதித்தது. சம்பளச் சபை மறுபடி கூடி, செப்டம்பரில் 1,350 ரூபா வர்த்தமானியில் வந்தது.

"கோர்ட்டுக்காரங்க நம்ம வயித்துல அடிச்சிட்டாங்க" என்று அப்போது பேசிக்கொண்டோம். ஆத்திரம் நியாயமானது. ஆனாலும் இத்தகைய வழக்கில் நீதிமன்றம் முக்கியமாகப் பார்ப்பது, முடிவெடுத்தவர்களுக்கு அதிகாரம் இருந்ததா, முறைப்படி செய்தார்களா என்பதையே. அவசரமாக, ஓட்டையோடு எழுதிய கெசட் தொழிலாளிக்குத்தான் நட்டம். அதே சட்டம் நமக்கும் உதவும். ஓர் அரச அதிகாரி முறை தவறி நம் உரிமையைப் பறித்தால், மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கேட்கலாம்.

1,350, 350 என்று ஏன் பிரித்தார்கள் என்பதையும் கவனியுங்கள். சேமலாப நிதிக்கு முதலாளி 12 சதவீதம், தொழிலாளி 8 சதவீதம். 1,350 ரூபாவுக்கு நாளொன்றுக்கு 162 ரூபாவும் 108 ரூபாவும், மொத்தம் 270 சேரும். ஊக்கத்தொகை வழக்கமாக இந்தக் கணக்கில் வருவதில்லை. கையில் கிடைக்கும் காசு ஒன்றாகத் தெரிந்தாலும், வேலையை விட்டு நிற்கும் நாளில் வித்தியாசம் பெரிது.

சரி, கெசட் வந்தும் தோட்டத்தில் கொடுக்கவில்லை என்றால்? மாவட்டத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். முறைப்பாட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு அலுவலகம் தூங்கினால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஏன் கேட்கிறாய் என்று காரணம் கேட்க அவர்களுக்கு உரிமையில்லை. தமிழிலேயே எழுதலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், தகவல் உத்தியோகத்தர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே திணைக்களத்தின் மேலதிகாரிக்கு மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. கொடுத்ததற்கு ரசீது வாங்க மறக்காதீர்கள். ரசீது இல்லாவிட்டால் நாள் கணக்கே இல்லை.

வீட்டில் படிக்கிற பிள்ளையை உட்கார வைத்து இப்படி எழுதச் சொல்லுங்கள்:

"தகவல் உத்தியோகத்தர் அவர்களுக்கு, எமது தோட்டம் சம்பந்தமாக ...... ஆம் திகதி நான் கொடுத்த முறைப்பாட்டின் பேரில் இதுவரை எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன, எந்தத் திகதியில் பரிசோதனை நடந்தது, அதன் அறிக்கையின் பிரதி ஆகியவற்றைத் தமிழில் தரும்படி கேட்கிறேன்."

கீழே பெயர், முகவரி, கையெழுத்து அல்லது கைநாட்டு, திகதி.