பேரல் தேயத்தான் செய்யும்

கேள்வி: ஐயா, நான் டெக்சஸில் டாலஸ் பக்கம் இருக்கிறேன். சொந்த ஊர் கோவை. கிரீன் கார்டு வந்த பிறகு கடையில் ஒரு .308 ரைஃபிள் வாங்கி, வார இறுதிகளில் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுப் பழகினேன். இப்போது 1,000 கஜம் வரை சுடும் போட்டிகளில் இறங்க ஆசை. ஆக்‌ஷன், பேரல் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து ஒரு ரைஃபிள் கட்டிக்கொள்ள 3,500 டாலர் ஒதுக்கியிருக்கிறேன், ஸ்கோப் தனி. கடைக்காரர் 6 மி.மீ. கிரீட்மூர் பேரல் போடச் சொல்கிறார். ஆனால் 1,500 தோட்டாவில் அது தேய்ந்துவிடும் என்றும் அவரே சொல்கிறார். 800 டாலர் கொடுத்து வாங்கும் பேரல் இரண்டு வருஷம்கூட வராதா? கோவையில் .22 சுடும் என் மச்சான், “என் பேரல்ல எத்தனையோ ஆயிரம் சுட்டாச்சு, அப்படியே இருக்கு. உன்னை நல்லா ஏமாத்துறாங்க” என்கிறான். கார்பன் ஃபைபர் சுற்றியது, குரோம் பூசியது என்று ஏதாவது வாங்கினால் கூடுதலாக உழைக்குமா? தேய்ந்த பேரலை மச்சானுக்குக் கொடுத்துவிடலாமா?
– ஒரு வாசகர், டெக்சஸ்

பதில்: கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. உங்கள் மச்சான் சொல்வதும் உண்மைதான். இருவரும் இரண்டு வேறு பொருள்களைப் பற்றிப் பேசுகிறார்கள்.

மச்சானின் .22 தோட்டாவில் இருக்கும் மருந்து 0.1 கிராம் அளவுதான். குண்டு மெழுகோ கிரீஸோ தடவிய ஈயம். அழுத்தத்தின் உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு. நீங்கள் வாங்க நினைக்கும் 6 மி.மீ. கிரீட்மூரில் ஏறக்குறைய 2.6 கிராம் மருந்து எரிகிறது. உச்ச வரம்பு 62,000 பவுண்டு. ஈயக் குண்டு சுடும் .22 பேரல் பல பத்தாயிரம் தோட்டாக்களைத் தாங்குவதில் வியப்பில்லை.

பேரல் தேய்வதற்குக் குண்டு உரசுவதுதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பேரலைத் தின்பது நெருப்பு. மருந்து எரியும்போது வாயுவின் வெப்பம் 2,500 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகிறது. எஃகு உருகுவதோ சுமார் 1,500 டிகிரியில். வாயு தொடும் நேரம் மிகக் குறைவு என்பதால்தான் பேரல் உருகாமல் தப்புகிறது. ஆனால் உள்சுவரின் மேல்தோல் ஒவ்வொரு தோட்டாவுக்கும் கொதித்துக் குளிர்கிறது. வாயுவிலுள்ள கரியும் நைட்ரஜனும் அதில் ஏறி, அந்தத் தோல் இறுகி நொறுங்கும் தன்மை அடைகிறது. பிறகு வறண்ட குளத்து மண்ணைப் போல வெடிப்பு விடுகிறது. அந்த வெடிப்புகளுக்குள் அடுத்த தோட்டாவின் வாயு புகுந்து ஓரங்களைப் பெயர்த்துக்கொண்டு போகும். தோட்டா உட்காரும் சேம்பர் முடிந்து, குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்கள் தொடங்கும் இடத்தைத் தொண்டை என்கிறோம். அடி அதிகம் விழுவது அங்கேதான். பேரலின் மற்ற பகுதி புதுசு போல இருக்கும்போதே தொண்டை போய்விடும்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். குண்டு பேரலுக்குள் இருக்கும் நேரம் ஒரு மில்லி நொடிக்குச் சற்று அதிகம். 2,500 தோட்டா சுட்டு ஓய்ந்த பேரல், நெருப்பைச் சுமந்த மொத்த நேரம் மூன்று நொடிதான்.

ஆகவே ஆயுளைத் தீர்மானிப்பது, எவ்வளவு மருந்து எவ்வளவு சிறிய துளை வழியாகப் போகிறது என்பது. நீங்களே வகுத்துப் பார்க்கலாம். .308-ல் 2.85 கிராம் மருந்து, குண்டின் குறுக்குப் பரப்பு 48 சதுர மி.மீ.; ஒரு சதுர மி.மீ.க்கு 59 மில்லிகிராம் வருகிறது. 6.5 கிரீட்மூரில் அது 76. 6 மி.மீ. கிரீட்மூரில் 89. இப்போது ஆயுளைப் பாருங்கள்: போட்டித் துல்லியத்தோடு .308 சுமார் 5,000 தோட்டா வரை வரும், 6.5 கிரீட்மூர் 2,000 முதல் 3,000. 6 கிரீட்மூர் 1,500 பக்கம். 1935-ல் வந்த .220 ஸ்விஃப்டும் 1958-ல் வந்த .264 வின்செஸ்டர் மேக்னமும் பேரல் தின்னிகள் என்று பெயர் வாங்கியதற்கும் காரணம் இதே கணக்குதான்.

இது புதிய கவலையும் இல்லை. பிரிட்டிஷ் ராணுவம் 1888-ல் ஏற்றுக்கொண்ட லீ–மெட்ஃபோர்டு ரைஃபிளின் வரிப்பள்ளங்கள் ஆழமற்றவை, ஓரம் மழுங்கியவை. பழைய கருமருந்துக்காக வகுத்தவை. கார்டைட் என்ற புகையில்லா மருந்து வந்ததும் அவை விரைவாக அரித்துப்போயின. 1895-ல் ஆழமான பள்ளங்களோடு லீ–என்ஃபீல்டு வந்ததற்கு அதுவே காரணம். பிறகு மருந்தையும் மாற்றினார்கள்: முதல் கார்டைட்டில் 58 சதவீதம் இருந்த நைட்ரோகிளிசரின், அடுத்த வகையில் 30 சதவீதமாகக் குறைந்தது. உங்கள் ஊரிலிருந்து மலையேறினால் வரும் அருவங்காட்டில், 1903-ல் நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சாம்ராஜ்யமே பேரல் தேய்மானத்தோடு மல்லுக்கட்டிய காலத்தில் எழுந்த தொழிற்சாலை அது.

கார்பன் ஃபைபர் விஷயத்தில் தெளிவாக இருங்கள். அந்தச் சுற்றுக்குள் இருப்பது, மற்ற பேரல்களில் உள்ள அதே துருப்பிடிக்கா எஃகில் செய்த மெல்லிய குழல். நெருப்பு படும் தொண்டையில் கார்பனுக்கு வேலையே இல்லை. நாளெல்லாம் மலையில் நடக்கும் வேட்டைக்காரருக்கு எடை குறைவது பெரிய உதவி. போட்டியில் சுடும் உங்களுக்கு எடைதான் நண்பன்: பின்னுதைப்பு குறையும், குண்டு எங்கே விழுந்தது என்று ஸ்கோப்பிலேயே பார்க்கலாம். குரோம் பூச்சு உண்மையிலேயே ஆயுளைக் கூட்டும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் 99 வகை அரிசாகா ரைஃபிளிலேயே அதைச் செய்தார்கள். ஆனால் பூச்சு எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் படியாது. உள்சுவரை அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை பார்த்துப் பார்த்துத் தேய்த்துச் சமன்செய்யும் போட்டி பேரல்காரர்கள் அதைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் உங்கள் பணம் போக வேண்டாம்.

என் யோசனை: 6.5 கிரீட்மூர் போடுங்கள். இந்தப் போட்டிகளில் முன்வரிசையில் நிற்பவர்கள் 6 மி.மீ. சுடுகிறார்கள் என்பது உண்மை. பின்னுதைப்பு குறைவு என்பதற்காக அவர்கள் ஆயுளை விட்டுக்கொடுக்கிறார்கள். பெரும்பாலும் தோட்டாவையும் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள். உங்களுக்கு இப்போது தேவை, கடையில் எளிதாகக் கிடைக்கும் நல்ல தோட்டாவும் நிறையப் பயிற்சியும். 2007-ல் ஹார்னடி நிறுவனம் 6.5 கிரீட்மூரைக் கொண்டுவந்ததே கடைத் தோட்டாவை வைத்துப் போட்டியில் சுடுபவர்களை மனதில் வைத்துத்தான்.

செலவை இப்படிப் பாருங்கள். போட்டித் தரத் தோட்டா ஒன்று ஒன்றரை டாலர் என்று வைத்தாலும், 2,500 தோட்டாவுக்கு 3,750 டாலர். அதே காலத்தில் பேரலுக்கு ஆவது 800. ஒரு தோட்டாவுக்கு 32 சென்ட். பேரலை மிச்சம் பிடிக்கிறேன் என்று சுடாமல் இருப்பவர் கற்றுக்கொள்ளாமல் போகிறார். அந்த நஷ்டம்தான் பெரியது. நீங்கள் அந்தப் பக்கம் போய்விடக் கூடாது என்றுதான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

அப்படியென்றால் பணத்தை எதில் போடுவது? ஆக்‌ஷனில். அதுதான் ஆயுளுக்கும் உங்களோடு இருக்கப்போவது. 1962-ல் வந்த ரெமிங்டன் 700-இன் அடித்தள அளவை ஒட்டிச் செய்த ஆக்‌ஷனாகப் பாருங்கள். அதற்குப் பொருந்தும் சேஸிஸும் டிரிகரும் கடைதோறும் கிடைக்கும். முக்கியமாக, ஆயத்தப் பேரல் கிடைக்கும் ஆக்‌ஷனா என்று கேளுங்கள். உங்கள் ஆக்‌ஷனை அனுப்பிவைக்காமலேயே, அதன் அளவுக்குச் சேம்பர் வெட்டி முடித்த பேரலை வரவழைக்கலாம் என்பது இதன் பயன். மாற்றும் வேலை அரை நாளில் முடியும். முதல் தடவை ஒரு நல்ல கன்ஸ்மித்திடமே கொடுங்கள். தோட்டா உட்காரும் இடைவெளியை கேஜ் வைத்துச் சரிபார்க்காமல் ஒரு தோட்டாவைக்கூடச் சுடக் கூடாது. 62,000 பவுண்டு அழுத்தம் உங்கள் கன்னத்துக்குப் பக்கத்தில் எழுகிறது.

ஆக்‌ஷனுக்கு 1,200, பேரலுக்கு 800, சேஸிஸுக்கு 900, டிரிகருக்கு 200 என்று சுமாராக வைத்துக்கொண்டால் கையில் 400 டாலர் நிற்கும். அதைத் தோட்டாவில் போடுங்கள். பேரல் கனமானதாக, 26 அங்குலத்தில், எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற முறுக்கில் இருக்கட்டும். ஒற்றை வெட்டுளியால் பள்ளம் எடுத்ததா, பட்டன் இழுத்து எடுத்ததா என்ற வாதத்துக்குள் போகாதீர்கள். இரு முறையிலும் போட்டி வென்ற பேரல்கள் இருக்கின்றன. செய்தவரின் கைத்திறம்தான் முக்கியம்.

பேரலின் ஆயுளைக் கூட்ட உங்கள் கையில் இருப்பது ஒன்றுதான்: சூடேற விடாதீர்கள். கை வைக்க முடியாத சூட்டில் தொடர்ந்து இருபது தோட்டா சுடுவது, ஆறவிட்டு ஐம்பது சுடுவதைவிட அதிகம் கெடுக்கும். சுத்தம் செய்யும் கம்பியைச் சேம்பர் பக்கமிருந்து, வழிகாட்டிக் குழாய் வைத்துத்தான் விட வேண்டும். முனையின் விளிம்பு கம்பி பட்டு நசுங்கினால் பேரல் தேயாமலேயே கெட்டுவிடும்.

ஒவ்வொரு தோட்டாவையும் நோட்டில் எழுதிவையுங்கள். வேகமானியில் வேகம் காரணமில்லாமல் இறங்குவதும், நன்றாகச் சுட்ட குண்டு கூட்டத்தை விட்டு விலகிப் போவதும் முடிவின் அறிகுறிகள். துருப்பிடிக்கா எஃகு பேரல்கள் கடைசி வரை நன்றாகச் சுட்டுவிட்டுச் சட்டென்று கைவிடும். அது போட்டி நாளிலும் நடக்கலாம். எனவே 1,500 தாண்டியதும் அடுத்த பேரலுக்குச் சொல்லிவிடுங்கள். நல்ல கடைகளில் பல மாதம் காத்திருக்க வேண்டிவரும். துளைக்குள் கேமரா விட்டு வெடிப்பைப் பார்த்துப் பதற வேண்டாம். பார்க்க அசிங்கமான தொண்டையும் நன்றாகச் சுடும். இலக்குத் தாள் என்ன சொல்கிறதோ, அதுதான் தீர்ப்பு. கழற்றிய பேரலை 100 கஜப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

மற்ற வாசகர்களுக்காக ஒன்று: எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, அமெரிக்காவில் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு வரும்வரை பொறுத்திருந்து இவர் சரியாகச் செய்திருக்கிறார்.

மச்சானுக்குப் பழைய பேரலைக் கொண்டுபோவது கூடவே கூடாது. அவருடைய .22-க்கு அது பொருந்தாது என்பது இருக்கட்டும். துப்பாக்கியின் பேரலை அனுமதியின்றி வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்வது அமெரிக்க ஏற்றுமதி விதிகளை மீறுவது. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஆயுதத்தின் பாகங்களையும் ஆயுதமாகவே கருதுகிறது. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தால் ‘தேய்ந்துபோனது சார்’ என்று சொல்லித் தப்ப முடியாது. அவருக்கு ஏதாவது வாங்கிப்போக ஆசையென்றால், சுடும்போது போடும் ஜாக்கெட் அளவைக் கேட்டு வாங்கிப்போங்கள்.